கப்பல் ஏறும் முன்பே முடிய வேண்டிய கணக்கு

பயணமும் பணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் மாதச் சம்பளத்தில் வாழ்ந்து பழகியவர்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீட்டுக் கடனையும் அடைத்த பிறகு, போன வருஷம் முதல்முறையாகச் சென்னையிலிருந்து இரண்டு இரவுக் கப்பல் பயணம் போனோம். ஜன்னல் இல்லாத அறைதான் எடுத்தோம். சாப்பாடு கட்டணத்தில் அடக்கம் என்பதால் அதை மட்டும் குறைவில்லாமல் சாப்பிட்டோம். வைஃபை வாங்கவில்லை, ஸ்பா பக்கம் போகவில்லை, தனிக் காசு கேட்ட உணவகத்திலும் உட்காரவில்லை. இறங்கும்போது எங்கள் அறைக் கணக்கில் இரண்டு காபிக்கான தொகைதான் இருந்தது. அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. எனக்கோ, 'இதற்குத் தனிக் காசா?' என்று கேட்டே இரண்டு நாளும் போய்விட்டதாக ஒரு குறை. இந்த வருஷம் எங்கள் 30-வது திருமண நாள். இலங்கை போகும் கப்பலில் பால்கனி அறை எடுக்கலாம் என்கிறேன். 'அறையில் தூங்கத்தானே போகிறோம்' என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவரின் கணக்கும் சரி, உங்கள் மனக்குறையும் சரி. செலவு பற்றிய முடிவுகளை நீங்கள் இருவரும் கப்பலுக்குள் நின்றுகொண்டு எடுத்திருக்கிறீர்கள். அவை வீட்டிலேயே எடுத்து முடித்திருக்க வேண்டியவை.

இந்தத் தொழில் நடக்கும் விதம் தெரிந்தால் இது புரியும். டிக்கெட் விலையைக் கவர்ச்சியாக வைத்து அறைகளை நிரப்புவார்கள். மது, சூதாட்டக் கூடம், ஸ்பா, புகைப்படம், கடைகள், தனி உணவகம், கரைச் சுற்றுலா என்று பயணிகள் உள்ளே செய்யும் செலவு அவர்களுடைய வருமானத்தில் முக்கியமான பங்கு. பணத்தை எண்ணிக் கொடுக்கும் வேலையும் அங்கே இல்லை. அறை அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறிவிடும். வியாபாரம் என்ற வகையில் இதில் தவறில்லை. ஆனால் சிக்கனமாக வாழ்ந்து பழகியவர் ஒவ்வொரு திருப்பத்திலும் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. காசு செலவழிக்காமலேயே களைத்துப் போவது இதனால்தான்.

இந்த முறை பயணத்துக்கான பணத்தை வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் தொகை, டிக்கெட்டின் உண்மையான விலை. விளம்பரத்தில் 20,000 ரூபாய் என்று இருந்தால், அது பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான அடிப்படைக் கட்டணம். இருவருக்கு 40,000. அதன்மேல் துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேரும். வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு என்றால் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தமும் உண்டு. அந்தப் பிடித்தத்தை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் கடைசியாக வரும் மொத்தத் தொகையைத்தான் நீங்கள் விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து, மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஒரு நல்ல ஓட்டலில் இருவர் தங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தொகை, தவிர்க்கவே முடியாத செலவு. திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ரயில், இலங்கைக்கான விசா, பயணக் காப்பீடு. காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பார்க்கக் கட்டணம் உண்டு. நீங்கள் ஊரில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு அங்கே செல்லும் என்று நம்பிப் போகக் கூடாது. ஓட்டல் செலவை வேண்டுமானால் குறைக்கலாம். கப்பலில் ஏறுவது பெரும்பாலும் பகல் வேளையில்தான். இரவு ரயிலில் கிளம்பி அதிகாலையில் எழும்பூரில் இறங்கினால், ஸ்டேஷன் ஓய்வறையில் குளித்துத் தயாராகலாம். அங்கிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் போனால், எதிரே ராஜாஜி சாலையின் அந்தப் பக்கம் துறைமுகம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நுழைவாயிலுக்கு அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

மூன்றாவது தொகைதான் உங்களுக்கு முக்கியம். ஐயாயிரமோ பத்தாயிரமோ, உங்களால் முடிந்த ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்குள் யார் எதை வாங்கினாலும் மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது. நீங்கள் ஒரு நாள் தனி உணவகத்தில் சாப்பிடலாம். அவர் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். தொகை தீர்ந்தால் நிறுத்திவிடுங்கள், மிஞ்சினால் மகிழ்ச்சியோடு கொண்டு வாருங்கள். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால் கப்பலில் கணக்குப் பார்க்கும் வேலையே இராது.

இனி, அறை. சென்னையிலிருந்து சில ஆண்டுகளாக ஓடும் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டு, 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடத் தொடங்கியது. மூன்று நான்கு இரவுக் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல் அது. அதனால் அறைகள் சிறியவை, பால்கனி உள்ள அறைகள் குறைவு. குறைவாக இருக்கும் பொருளுக்கு விலை கூடத்தான் செய்யும். இடையில் ஒரு நல்ல வழி உண்டு: கடல் தெரியும் ஜன்னல் அறை. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அமைந்தால் ஆட்டமும் குறைவாக இருக்கும். மேல்தளத்தில் நின்று பார்க்கும் கடல் எல்லா அறைக்காரர்களுக்கும் ஒன்றுதான்.

ஆனாலும் 'அறையில் தூங்கத்தானே போகிறோம்' என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஜன்னல் இல்லாத அறையில் தூங்க மட்டும்தான் முடியும். போன முறை நீங்கள் அங்கே தூங்கியதை வைத்து, கடல் தெரியும் அறையிலும் தூங்கத்தான் போவீர்கள் என்று முடிவுகட்ட முடியாது. முப்பது வருஷம் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்த இருவர், கூட்டத்திலிருந்து விலகி, தனியாகக் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். அப்படியானால் அதைத் திருமண நாள் பரிசாகவே வைத்து, புடவை, நகை எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பால்கனியை எடுத்துவிட்டு நாள் முழுக்க நீச்சல் குளத்தடியில் இருப்பீர்கள் என்றால் ஜன்னல் அறை போதும். எது உண்மை என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. இரண்டு இரவுப் பயணத்தில் முதல் நாள் மாலை கப்பல் நகரும், கடைசி நாள் காலை உணவு முடிந்ததும் இறங்கச் சொல்வார்கள். முழு நாளாகக் கிடைப்பது நடுவில் ஒன்றுதான். கரை எதையும் தொடாமல் கடலுக்குள் போய்த் திரும்புவதும் உண்டு. உங்களைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னை வந்து போகும் செலவு எத்தனை இரவானாலும் ஒன்றுதான் என்பதால், நான்கு இரவுப் பயணம் கொடுத்த காசுக்கு அதிகம் தரும்.

கேள்வி: இலங்கைத் துறைமுகங்களில் கப்பல்காரர்களின் சுற்றுலாவை எடுக்காமல் நாமே சுற்றிப் பார்க்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: துறைமுகத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைப் பயணம் தொடங்கியபோது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களும் அதில் இருந்தன. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். நீங்கள் போகும் பயணத்தில் எவை உண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறையிலும் திருகோணமலையிலும் தமிழிலேயே பேசி வண்டி பிடிக்கலாம், வழிகாட்டி தேவையில்லை. காங்கேசன்துறைக்கு அருகிலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், கீரிமலையில் நகுலேஸ்வரமும், கடலை ஒட்டிய நன்னீர்க் கேணியும் இருக்கின்றன. யாழ்ப்பாணம் சுமார் 18 கி.மீ.; நல்லூர் கோயிலையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். திருகோணமலையில், கோட்டைக்குள் நடந்து மேலே போனால் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையில் கோணேஸ்வரம். சம்பந்தர் பாடிய தலம் அது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பேசினால் ஆளுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும்.

அம்பாந்தோட்டை தென் கோடியில் இருக்கிறது. கதிர்காமம், யாலா சரணாலயம் எல்லாம் துறைமுகத்திலிருந்து தள்ளியே இருக்கின்றன. அங்கே கப்பல்காரர்களின் சுற்றுலாவை எடுப்பது நல்லது. அவர்கள் கூட்டிப்போன பேருந்து தாமதமானால் அது அவர்கள் பொறுப்பு. நாமாகப் போய்த் தாமதித்தால் கப்பல் நமக்காக நிற்காது. திரும்பி ஏறச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். விசா விதிகள் மாறுவதுண்டு என்பதால் முன்பதிவின்போதே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் கடல் அமைதியாக இருக்கும்? என் மனைவிக்குப் பேருந்திலேயே தலைசுற்றும்.
– வாசகர், ஈரோடு

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பைப் பக்கம் ஓடும் கப்பலை அந்த மாதங்களில் சென்னைக்குக் கொண்டுவருவது அதனால்தான். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். எந்த மாதத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம் என்ற எண்ணத்தோடே கிளம்புங்கள். கப்பல் பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்கும் துடுப்பு போன்ற அமைப்பு பெரிய கப்பல்களில் உண்டு. பேருந்தில் தலைசுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் கப்பலிலும் சுற்றும் என்பதில்லை.

குமட்டல் வந்த பிறகு போடும் மாத்திரையால் பெரிய பலன் இல்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டு, கப்பல் நகரும் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கண் நீர் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளில் சில ஆகாது என்பதால் கடையில் நேரடியாக வாங்க வேண்டாம். தலைசுற்றினால் அறைக்குள் படுக்காமல், மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது.

கேள்வி: கப்பலில் போன் பேசினால் பெரிய பில் வருமாமே? வீட்டிலிருந்து என்னென்ன எடுத்துப் போகலாம்?
– வாசகி, மதுரை

பதில்: கரையை விட்டு விலகியதும் நம் ஊர் சிக்னல் போய்விடும். பிறகு போனில் தெரிவது, செயற்கைக்கோள் வழியே இயங்கும் கப்பலின் நெட்வொர்க்காக இருக்கலாம். அதில் ரோமிங் கட்டணம் மிக அதிகம். நாம் எதுவும் செய்யாவிட்டாலும் போன் தானாக டேட்டா எடுக்கும். ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். அவசியம் பேச வேண்டும் என்றால், கப்பல் பயணத்துக்கான பேக் உங்கள் போன் நிறுவனத்தில் உண்டா என்று கிளம்பும் முன் கேட்டு வாங்குங்கள்.

வழக்கமான மருந்துகள், மருத்துவச் சீட்டு, மெல்லிய ஸ்வெட்டர் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியை வாசலில் வாங்கிக்கொண்டு பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். செலவு மிச்சம் என்று கெட்டில், இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள். தீ விபத்து அபாயம் என்பதால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவுக்கும் பொதுவாக அனுமதியில்லை. சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்.

கேள்வி: ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். இருப்பதே இரண்டு நாள்; கட்டாயம் போக வேண்டுமா?
– வாசகர், வேலூர்

பதில்: கட்டாயம் போக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சி நடக்கவே இல்லை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதன் பிறகு சர்வதேச விதியே மாறி, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்றானது. உங்கள் அறையிலிருந்து எந்தப் படி வழியாக எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை இருவரும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கும்போது, சொகுசுக் கப்பலுக்கு இவ்வளவு பணம் எதற்கு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. அந்தச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்க்கும். பருவ நிலையைப் பொறுத்து நிறுத்தப்படுவதுண்டு என்பதால் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, நிதானமாகக் கோயில்களையும் தீவுகளையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் மேல். சொகுசுக் கப்பலில் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கும்.

அதே சமயம், வேலையும் சமையலும் இல்லாமல், பெட்டியை ஒரே ஒருமுறை பிரித்து வைத்துவிட்டு, கடல் மேலேயே இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அந்தச் சிறிய கப்பல் எதையும் தராது. அவருக்குக் கப்பல்தான் ஊர். எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதற்கு மட்டும் தயங்காமல் பணம் கொடுங்கள், மற்றதற்கெல்லாம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.