சபைக்குக் காப்புறுதி: எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: தெல்தெனியவில் வசிக்கிறேன். 2025 மே மாதத் தேர்தலில் கண்டி மாவட்டத்துப் பிரதேச சபையொன்றுக்கு முதன்முறையாகத் தெரிவானேன். நிதிக் குழுவிலும் இருக்கிறேன். சபையின் காப்புறுதிகளைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்குகிறது. வந்திருக்கும் விலைக்கூறலில் பிரீமியம் சென்ற முறையைவிட நன்றாகக் கூடியிருக்கிறது. பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதியை எடுத்துவிட்டால் கணக்குச் சரிவரும் என்கிறார்கள் சிலர். "சபைக்கு எதிராக யார் வழக்குப் போடப் போகிறார்கள்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது?
— உறுப்பினர் ஒருவர், தெல்தெனிய

பதில்: உங்கள் மூத்த உறுப்பினருக்குக் கொள்ளுப்பிட்டியை நினைவுபடுத்துங்கள். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொட்டும் மழையில் ஒரு பெரிய மரம் ஓடிக்கொண்டிருந்த இ.போ.ச. பஸ்ஸின் மேல் விழுந்து 5 பேர் இறந்தார்கள். நகரத்து மரங்களைப் பார்ப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. கொழும்பு தூரம் என்றால் கண்டியிலேயே பூவெலிகட இருக்கிறது. 2020 செப்டம்பர் 20ஆம் திகதி விடியற்காலையில் அங்கே ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து, ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் மாண்டார்கள். கட்ட அனுமதி கொடுத்தது யார், கட்டும்போது போய்ப் பார்த்தது யார் என்று கேட்டபோது மக்களின் விரல் உள்ளூராட்சி மன்றத்தின் பக்கம்தான் நீண்டது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் மூன்றையும் சபையின் கையில் கொடுத்திருக்கிறது. கையில் கொடுத்ததைக் கவனிக்காமல் விட்டு ஒருவருக்குக் கேடு வந்தால், நம் நாட்டில் செல்லுபடியாகும் உரோம-டச்சுச் சட்டப்படி கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்கலாம். வழக்குக்கு முன் ஒரு மாத எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சபைக்குச் சிறு பாதுகாப்பு, அவ்வளவுதான். நோட்டீஸ் கொடுக்கத் தெரிந்த சட்டத்தரணிகள் தெல்தெனியவிலும் இருக்கிறார்கள்.

ஆகவே பொறுப்புக் காப்புறுதியை எடுத்துவிடுவது பிழையான யோசனை. சபையின் பெக்கோ பழுதானால் செலவு எவ்வளவு என்று பொறியியலாளர் ஒரு கணக்குச் சொல்வார். மூடியில்லாத வடிகாலில் பாடசாலைப் பிள்ளை விழுந்தால் எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எண்ணிக்கை தெரிந்த செலவைச் சபை தாங்கலாம். எண்ணிக்கை தெரியாததைத்தான் காப்புறுதியிடம் கொடுக்க வேண்டும். வெட்ட வேண்டுமானால் சொந்தச் சேதத்தின் பக்கம் வெட்டுங்கள்.

வாகனப் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள். இருபது, இருபத்தைந்து வயதான டிராக்டருக்கும் தண்ணீர் பவுசருக்கும் முழுக் காப்புறுதி கட்டிக்கொண்டிருக்கும் சபைகள் உண்டு. விபத்தில் நசுங்கினால் நிறுவனம் தருவது அதன் அன்றைய சந்தை விலை. அந்தச் சிறு தொகைக்காக வருடா வருடம் பெரிய பிரீமியம் கட்டுவதில் அர்த்தமில்லை. அவற்றை மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறக்கலாம். ஆனால் பிறர் வாகனத்துக்கும் மதிலுக்கும் ஏற்படும் சேதத்துக்கான உச்ச வரம்பை அதே கையோடு உயர்த்துங்கள். புதிய கம்பாக்டர் போன்றவற்றுக்கு முழுக் காப்புறுதி இருக்கட்டும். ஆனால் சபை தானே தாங்கும் முதல் தொகையை, அதாவது எக்சஸை, கூட்டிக்கொள்ளச் சம்மதித்தால் பிரீமியம் இறங்கும். பின்விளக்கு உடைந்ததற்கெல்லாம் கிளெய்ம் எழுதுவதால்தான் கிளெய்ம் இல்லாக் கழிவு பறிபோகிறது.

குப்பை டிராக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவிலக்கம் உண்டு. காப்புறுதிப் பத்திரத்தில் அந்த இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஆறு மணிக்குக் குப்பைக் குவியலின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்தும், பின்பலகையில் ஒருவர் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டும் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். அவர் விழுந்தால் "அவர் மூன்றாம் தரப்பு அல்லர், சபையின் ஊழியர்" என்று வாகனக் காப்புறுதி கைவிரிக்க இடமுண்டு. அப்போது வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வரும். 1934ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி கிடைக்கும் உச்சத் தொகை நீண்ட காலமாக 5,50,000 ரூபாயாக இருந்தது. 2022இல் திருத்தி 20 இலட்சம் ஆக்கினார்கள். வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்தார்கள். ஊழியர் நட்டஈட்டுக் காப்புறுதிக்கான பிரீமியம் கூடியதற்கு இது ஒரு நியாயமான காரணம். உங்கள் பத்திரத்தில் பழைய உச்சத் தொகையே இருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பின்பலகையில் தொங்குபவர் பெரும்பாலும் அவர்தான்.

பிரீமியம் கூடியதற்கான மற்றக் காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. இரண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பிறகு பணவீக்கம் தணிந்தாலும் ஏறிய விலை இறங்கவில்லை. உதிரிப்பாகம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தப் புதிய விலையில்தான். பெறுமதிசேர் வரி 2022 தொடக்கத்தில் 8 சதவீதம். 2024 ஜனவரி முதல் 18. விலைக்கூறலில் அடிப்படைப் பிரீமியம், கலவர நிதிக்கான தொகை, நிர்வாகக் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடியதில் எவ்வளவு நிறுவனத்தின் பங்கு, எவ்வளவு அரசாங்கத்தின் பங்கு என்று தெரிந்தால்தான் பேரம் பேச முடியும்.

கட்டடங்களில் பிரச்சினை வேறு. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போன பின், 1980களில் மேட்டில் எழுந்ததே இன்றைய நகரம். அந்தக் காலத்துக் கட்டடங்களுக்குச் சொத்துப் பதிவேட்டில் இருக்கும் பெறுமதி இன்று ஒரு கூரை போடவும் காணாது. பதிவேட்டுத் தொகைக்கே காப்புறுதி செய்யும் பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. அதன் ஆபத்துக்கு ஓர் உதாரணக் கணக்கு: திரும்பக் கட்ட 4 கோடி ஆகும் கட்டடத்தை 2 கோடிக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். தீயில் 40 இலட்சம் சேதம். 2 கோடிக்குள்தானே, முழுதும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்ததால் பாதி இழப்பே, 20 இலட்சமே, கிடைக்கும். பத்திரத்தில் இதற்கென ஒரு நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். மதிப்பீட்டைப் புதுப்பித்தால் பிரீமியம் கூடும், உண்மை. அந்தக் கூடுதலுக்குப் பணம் தேடுங்கள்.

தெல்தெனியக்காரருக்கு அடுத்ததை விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச் 4, 5ஆம் திகதிகளில் தெல்தெனியவிலும் திகனயிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமானது. சாதாரணத் தீக் காப்புறுதி கலவரத் தீயை ஏற்காது. வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான சேர்க்கையைத் தனியாக வாங்க வேண்டும். அதற்கான பணம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழுள்ள நிதிக்குப் போகிறது. மொத்தப் பிரீமியத்தில் அது சிறு பங்குதான். செலவு குறைக்கக் கிளம்பும் எழுதுவினைஞர் முதலில் கோடு போடுவதும் பெரும்பாலும் அந்த வரியில்தான். சபைக் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் சந்தைக் கடைத்தொகுதிக்கும் வாகனங்களுக்கும் அந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மலைக்கும் ஒரு வரி வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்களே பார்த்தீர்கள். "இயற்கை அனர்த்தம்" என்று பத்திரத்தின் முகப்பில் போட்டிருந்தால் போதாது. மண்சரிவு, நிலத்தாழ்வு என்ற சொற்கள் உள்ளே சேர்க்கப்பட்டுள்ளனவா, விலக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். புயலும் வெள்ளமும் இருந்து மண்சரிவு மட்டும் இல்லாமல் போனால் உங்கள் ஊருக்கு அது அரைக் காப்புறுதி. 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி திகனப் பக்கம் சிறு நில அதிர்வும் உணரப்பட்டது. அதையும் கேட்டு வையுங்கள். கட்டடம் இருக்கும் சரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கையில் இருந்தால் நிறுவனத்தோடு பேசுவது எளிது.

இனி, எடுத்துவிடச் சொல்கிறார்களே, அந்தப் பொறுப்புக் காப்புறுதிக்கு வருவோம். அதை வைத்திருந்தால் மட்டும் போதாது, வாசித்தும் பார்க்க வேண்டும். "சபைக் கட்டட வளாகத்தில்" நடக்கும் விபத்துக்கு மட்டுமே பொருந்தும் பத்திரங்கள் உண்டு. சபையின் ஆபத்து அலுவலக வரவேற்பறையிலா இருக்கிறது? வாரச் சந்தை, விளையாட்டு மைதானம், சிறுவர் பூங்கா ஊஞ்சல், தகனசாலை, வீதியோர மரம், தெருவிளக்குக் கம்பம், வடிகால் மூடி, குப்பை கொட்டுமிடம்: இவை பெயர் சொல்லிப் பத்திரத்தில் இருக்க வேண்டும். உச்சத் தொகை ஒரு சம்பவத்துக்கா, வருடம் முழுவதற்குமா என்று பாருங்கள். வருடத்துக்கு என்றால் பெப்ரவரியில் நடக்கும் ஒரு விபத்தே டிசம்பர் வரைக்குமான பாதுகாப்பைத் தின்றுவிடும். கட்டட அனுமதி, தொழில்நுட்ப ஆலோசனை போன்றவற்றால் வரும் பொறுப்பைப் பொதுவாக இந்தப் பத்திரங்கள் ஏற்பதில்லை. பூவெலிகட போன்றதொன்றுக்கு வேறு வகைக் காப்புறுதி வேண்டும். குப்பை மேட்டுக்கும் விலக்கு இருக்கலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, குப்பை என்ற சொல்லைக் கேட்டாலே நிறுவனங்கள் பேனாவை மூடிவிடுகின்றன. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பேனாவைத் திறக்க வைப்பது பதிவேடு. கவனயீன வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது, ஆபத்து சபைக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்த பின் என்ன செய்தது என்பதையே. "இந்த மரம் சாயப்போகிறது" என்று ஊரார் கொடுத்த கடிதத்தில் சபையின் திகதி முத்திரை விழுந்துவிட்டால், மறுநாளிலிருந்து தெரியாது என்று சொல்ல முடியாது. முறைப்பாடு வந்த நாள், போய்ப் பார்த்தவர் பெயர், எடுத்த நடவடிக்கை, ஒரு புகைப்படம் என ஒரு பதிவேட்டை வைத்து, கடந்த ஐந்து வருடக் கிளெய்ம் விவரத்தோடு விலைக்கூறல் கோரும்போது இணைத்துக் கொடுங்கள். இவை எதுவும் இல்லாமல் வரும் சபைக்கு, நிறுவனம் தெரியாத ஆபத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடும்.

பல சபைகள் கூடி வாங்கினால் மலிவாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆகும். நாட்டிலுள்ள 300க்கும் மேற்பட்ட மன்றங்களில் பல தனித்தனியாகச் சிறு பத்திரங்கள் வாங்குகின்றன. கண்டி மாவட்டச் சபைகள் ஒரே அட்டவணையில் ஒன்றாக விலை கோரினால் பேரம் பேசும் பலம் வரும். உள்ளூராட்சி உதவி ஆணையாளர் ஊடாக இதைத் தொடங்கலாம். ஆனால் கூட்டாக வாங்குவதோடு நிறுத்துங்கள். நாமே ஒரு காப்புறுதி நிதி நடத்தலாம் என்ற பேச்சு வந்தால் பிரித்தானியாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உள்ளூராட்சி மன்றங்கள் 1903இல் முனிசிபல் மியூச்சுவல் என்று தங்களுக்கே ஒரு காப்புறுதி நிறுவனம் தொடங்கின. 1992இல் அது புதிய வியாபாரத்தை நிறுத்தியது. இருபது வருடம் கழித்து, 2012இல், பழைய அஸ்பெஸ்டஸ் நோய்க் கோரிக்கைகளும் பிறவும் வந்து குவிய, முன்பு வாங்கிய கிளெய்ம் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்படி அதே மன்றங்களைக் கேட்டார்கள். பொறுப்புக் கோரிக்கைகள் அப்படித்தான், பல வருடம் கழித்தும் கதவைத் தட்டும்.

நாட்களைப் பற்றி ஒரு சொல். பத்திரம் முடிய மூன்று மாதத்துக்கு முன்பே விலை கோருங்கள். கடைசி வாரத்தில் கோரினால் வருவது ஒரே ஒரு விலைதான். தெரிவு செய்த பிறகும் வவுச்சர் செயலாளரிடமும் தவிசாளரிடமும் மேசை மேசையாக நகர்ந்து, பணம் கட்டும் கெடு தாண்டிவிட்டால் காப்புறுதி இரத்தாகலாம். அந்த இடைவெளியில் ஒன்று நடந்தால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார். 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், இழப்புக்குப் பொறுப்பானவரிடமிருந்தே பணத்தை அறவிடவும் வழி வைத்திருக்கிறது.

விபத்து நடந்தால் செத்த வீட்டுக்குப் போங்கள், கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுங்கள். அது மனிதர் செய்ய வேண்டியது. ஆனால் "சபை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று கூட்டத்தில் பேசுவதையும் கடிதம் எழுதுவதையும் தவிருங்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அதையே காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்கலாம். சட்டத்தரணியின் கடிதம் வந்த அன்றே அதன் பிரதி காப்புறுதி நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

அடுத்த நிதிக் குழுக் கூட்டத்தில் உங்கள் பெயரில் ஒரு பிரேரணை வையுங்கள்: பழைய வாகனங்களின் முழுக் காப்புறுதியை நிறுத்தி, மிஞ்சும் பணத்தைப் பொதுமக்கள் பொறுப்பின் உச்சத் தொகையை உயர்த்தவும் நாட்சம்பளத் தொழிலாளருக்கு நட்டஈட்டுக் காப்புறுதி எடுக்கவும் பயன்படுத்துவது என்று. யாராவது எதிர்த்தால், எதிர்த்தவர் பெயரோடு கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.