2 கிரே என்றால் 2 கிரேதானா?

கேள்வி: அம்மாவின் கதிர்வீச்சு சிகிச்சைக்காகத் தினமும் அடையாறு போகிறோம். சீட்டில் கதிர்வீச்சின் அளவு ‘2 கிரே’ என்று இருக்கிறது. இயந்திரம் அவ்வளவுதான் கொடுக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: மருத்துவ இயற்பியலாளர். உங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்; காலையில் முதல் நோயாளி படுக்குமுன்பே இயந்திரத்தைச் சோதித்துவிடுவார். வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டினால், காரணம் தெரியும்வரை சிகிச்சையை நிறுத்திவைப்பதே முறை.

முழு அளவீடு தண்ணீர்த் தொட்டியில் நடக்கும். கதிர்வீச்சை அளக்கும், சிறுவிரல் நுனியளவு ‘அயனி அறை’ என்ற கருவியை 10 செ.மீ. ஆழத்தில் வைத்துக் கதிரைப் பாய்ச்சுவார்கள். அந்த அறைக்குள் இருப்பது வெறும் காற்று. வெப்பம் 3 டிகிரி ஏறினாலே காற்று விரிந்து, கருவி 1 சதவீதம் குறைத்துக் காட்டும். (நம் ஊர் வெயிலில் ஏசி நின்றால்?) அதனால் வெப்பமானி, காற்றழுத்தமானி இரண்டையும் பார்த்துக் கணக்கைத் திருத்துவார்கள். அந்தக் கருவியின் அளவுக்கும் மூலம், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தரஅளவு.

அம்மாவின் சிகிச்சைத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்களா என்று தாராளமாகக் கேளுங்கள்; கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.