நடுக்கடலில் கிறிஸ்துமஸ்: கிதாரோடு கப்பல் ஏறுபவர்களுக்கு

தூத்துக்குடிப் பக்கம் கோயில் பாடற்குழுவில் கிதார் பிடித்து வளர்ந்து, பிறகு கப்பலுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். எஞ்சின் ரூமில்தான் வேலை. ஆனால் கிதார் வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், “சர், இந்த வருஷம் என்ன பாட்டு?” என்று பிலிப்பினோ போசன் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுவார். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் அந்த மாதமே ஒலிக்கத் தொடங்கிவிடும்.

சரக்குக் கப்பலில் பல கிறிஸ்துமஸ்களைக் கழித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். வீட்டை விட்டு வந்தவனுக்கு அன்றைக்குத் தானே வாய்விட்டுப் பாட வேண்டும். நாம் பக்கவாத்தியம். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சுருதியை இறக்குங்கள். ‘சைலன்ட் நைட்’ 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதன்முதலாகப் பாடப்பட்டபோதே கிதார்தான் துணை. ஜி, சி, டி என்று மூன்று கார்டு தெரிந்தால் வாசித்துவிடலாம். ஜி ஸ்கேலில் எடுத்தால் உச்ச ஸ்வரம் ‘சி’யோடு நின்றுவிடும், ஆண் குரல்கள் தாங்கும். சி ஸ்கேலில் எடுத்தால் ‘எஃப்’ வரை ஏற வேண்டும். நாள் முழுக்க டெக்கில் கத்தி வேலை செய்த தொண்டை அங்கே கீச்சிட்டுவிடும், அவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

ஆளுக்கொரு ஊர்ப்பாட்டு. பிலிப்பினோக்களுக்கு ‘ஆங் பாஸ்கோ ஆய் சுமாபிட்’ கட்டாயம் வேண்டும். ஒருமுறை நான் அதன் முதல் கார்டைத் தட்டியதுமே, அதுவரை மூலையில் தலை கவிழ்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபிட்டர், ஸ்பூனால் தட்டின் விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றில் எழுந்து நின்று பாடினார். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் ஹொசே ஃபெலிசியானோவின் ‘ஃபெலிஸ் நவிதாத்’: நாலைந்து வரிதான், திரும்பத் திரும்ப வரும். ஜார்ஜியாக்காரர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் கிறிஸ்துமஸ் ஜனவரி 7; அன்றைக்கும் கிதாரை வெளியே எடுங்கள். உக்ரைனில் 2023 முதல் அரசு விடுமுறை டிசம்பர் 25-க்கு மாறிவிட்டது. ஆனாலும் அவரவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாட்டு வரிகளைத் துறைமுகத்தில் சிக்னல் இருக்கும்போதே இறக்கி, கையால் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஒத்திகையும் அந்த ஓய்வில்தான் கடிக்கும். ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு, மெஸ் ரூமில், கால் மணி நேரம் போதும். கேபினில் வேண்டாம். 12–4 வாட்ச்காரர் அந்நேரம் பக்கத்துக் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பார். கேப்டனிடமும் சீஃப் குக்கிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெஸ் ரூம் எப்போது காலியாகும் என்பது குக்குக்குத்தான் தெரியும்.

கருவியைக் கவனியுங்கள். ஏசி கேபினில் காற்று வறண்டிருக்கும், டெக்கில் உப்பு ஈரம். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும். மாற்றுக் கம்பி ஒரு செட் இருக்கட்டும், நடுக்கடலில் கடை கிடையாது. கிதாரை நாற்காலியில் சாய்த்து வைக்காமல் படுக்கையோடு சேர்த்துக் கட்டுங்கள், கப்பல் உருளும். கீபோர்டு கொண்டுபோகிறவர்கள் செருகுமுன் எலக்ட்ரீஷியனிடம் வோல்டேஜ் கேளுங்கள். ஜப்பானில் கட்டிய கப்பல்கள் பலவற்றில் கேபின் பிளக்கில் 100–110 வோல்ட்தான் வரும்.

இரண்டு சுற்றாக வையுங்கள். எட்டு மணிக்கு எல்லாரும் கூடும்போது 8–12 வாட்ச்காரர்கள் பிரிட்ஜில் இருப்பார்கள், 12–4 ஆட்கள் தூக்கத்தில். அதனால் பதினொன்றரைக்குக் காபி குடிக்க வருகிற 12–4 ஆட்களுக்கு இரண்டு பாட்டு. பன்னிரண்டுக்கு மேல் பசியோடு இறங்கி வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. அவர்களுக்கும் கேக்கும் கறியும் எடுத்து வைக்கச் சொல்லி மெஸ்மேனிடம் மாலையிலேயே பேசிவிடுங்கள். வெறும் தட்டைக் காட்டிப் பாடச் சொன்னால் யாருக்கும் பாட்டு வராது.