மண்பாதைக்குப் பிறந்த வண்டி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். புத்தம் புதிய வாகனங்களை ஏற்றிக்கொண்டு நீண்ட லாரிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இங்கே 2013-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு மூத்தது திருவொற்றியூர்த் தொழிற்சாலை. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில் நிறுவனம் அமைந்து, முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியும், பின்னர் முழுவதும் இங்கேயே செய்தும் புல்லட் வண்டிகளை வெளியிட்டது. அவ்வாறு வெளிவந்த 1971-ஆம் ஆண்டு வண்டி ஒன்று எங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அதைப் பிரித்துப் பூட்டிய எட்டு மாதங்களில் நான் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வண்டி எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. ஏரிக்கரையிலும் களத்துமேட்டிலும் விதை மூட்டையோடு ஓடிய வண்டி. அவர் காலமான பின் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதை எடைக்குப் போட இருந்தபோது, வாலாஜாபாத் சாலையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கி வந்தார். கடையில் இடமில்லாததால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

இரண்டாவது வாரமே சென்னையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ஃபிரேமின் பின்பக்கத்தை அறுத்து, மட்கார்டுகளைக் கழற்றி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, பட்டன் டயர் மாட்டி 'டர்ட் பைக்' ஆக்கித் தந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். மாமாவுக்குக் கடை வாடகை பாக்கி. அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தத் தொகை எங்கள் குடும்பத்துக்குச் சிறிதன்று. மாமா அறுக்கும் மெஷினை எடுத்து வைத்துவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் படித்ததை அவரிடம் சொன்னேன்.

1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பைக்கான மண்பாதைப் போட்டி நடந்தது. அதில்தான் புதிய வடிவப் புல்லட் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அந்நாளில் பல வண்டிகளில் பின்சக்கரம் ஃபிரேமோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் வண்டியோடு ஆளும் எகிறுவான். புல்லட்டிலோ, பின்சக்கரம் ஒரு கீலில் ஏறி இறங்கும் கரத்தில் பூட்டப்பட்டு, எண்ணெய்த் தணிப்பான்களால் தாங்கப்பட்டது. இன்று மெக்கானிக்குகள் 'ஸ்விங் ஆர்ம்' என்பது இதுவே. சேற்றில் இது பிடிப்பைக் கெடுக்கும் என்று அப்போது பலரும் எண்ணினர். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. அவற்றை ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றனர். 2019-இல் இந்நிறுவனமே அந்தப் போட்டி வண்டிகளின் நினைவாக 'புல்லட் டிரயல்ஸ்' என்ற வகையை வெளியிட்டுச் சில காலம் விற்றது. ஆக, மண்பாதை வண்டியாக்குகிறேன் என்று புல்லட்டை அறுப்பது, மீனுக்கு நீச்சல் கற்றுத்தரக் கடப்பாரையோடு புறப்படுவது போன்றது.

எஞ்சினும் இதற்குச் சாட்சி சொல்லும். சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கணக்கிட்டால் கொள்ளளவு 346 சி.சி. வருகிறது. நீண்ட ஓட்டமும் கனத்த சுழல் சக்கரமும் சேர்ந்து குறைந்த வேகத்திலேயே இழுவை தருகின்றன. வேகமாக முறுக்காமல், மெதுவாகத் தட்டித் தட்டி ஏரிக்கரைச் சேற்றில் ஏற இதுவே வேண்டும். இழுவை இன்னும் வேண்டுமானால் முன்புறப் பல்சக்கரத்தில் பதினாறு பல்லுக்குப் பதில் பதினைந்து பல் போடலாம். பதினாறைப் பதினைந்தால் வகுத்தால் விடை: ஏறத்தாழ 7 சதவீத இழுவை கூடும், அதே அளவு வேகம் குறையும். வேண்டாதபோது பழைய சக்கரத்தையே திரும்பப் பூட்டலாம். அறுத்த ஃபிரேம் திரும்ப வராது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, அறுக்க வேணாம். ஆனா இது ஓடலன்னா உன்னத்தான் கேப்பேன்" என்றார். சென்னைக்காரர் அதன்பின் வரவில்லை.

முதல் எதிரி துரு. நட்டு, போல்ட்டு, ஸ்டாண்டு, பெடல் ஆகியவற்றை உப்புத்தாளால் தேய்த்தால் உலோகமும் சேர்ந்து தேயும். ஆகவே மின்னாற்பகுப்பு முறையைக் கையாண்டோம். பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் நீர், ஒரு கைப்பிடி சலவைச் சோடா; கடையிலிருந்த பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையை ஒரு பழைய இரும்புப் பட்டையிலும் இணைத்தோம். பாகத்தைச் சுற்றிக் குமிழ்கள் எழும்பும், அது ஹைட்ரஜன். எனவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. மறுநாள் காலையில் துரு கருஞ்சேறாக மாறிப் பிரஷ்ஷுக்கே உதிர்ந்துவிடும். நேர்முனையில் எவர்சில்வர் பட்டை போடக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும். அலுமினியப் பாகங்களையும் இந்த வாளியில் இடக்கூடாது. காரம் அவற்றை அரித்துவிடும்.

அடுத்து பேரிங். அலுமினிய உறைக்குள் எஃகு பேரிங் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியால் அடித்து இறக்குவது சாலையோர வழக்கம். அதில் உறை விரிசல் விடுவதுண்டு. வெப்பத்தால் ஒரு டிகிரிக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு நீள்கிறது. எஃகு 12 பங்கே நீள்கிறது. 60 மி.மீ. துளையுள்ள உறையை 70 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறத்தாழ 0.1 மி.மீ. அகலும். சொல்ல அற்பம், பேரிங்குக்கு அது வாசல். உறையை அம்மாவின் பழைய அலுமினிய அண்டாவில் கொதிநீரில் வைத்து எடுத்தோம். குளிர்ந்த பேரிங் தன் எடையிலேயே உள்ளே இறங்கியது. முதலாண்டு வெப்பவியலில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சூத்திரம் 'டொக்' என்று ஒலித்ததை அன்றுதான் கேட்டேன். (அண்டாவை அம்மா திரும்பப் பெற மறுத்துவிட்டார்.)

சிலிண்டர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் அரை மி.மீ. கூடுதலாக போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைச் சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கினோம். உள்விட்டம் 70.5 ஆனதும் கொள்ளளவு 351 சி.சி. ஆகிவிடுகிறது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடத்தின் கொள்ளளவை அறிய, பிளக் துளை வழியே மருந்துக்கடை சிரிஞ்சால் எண்ணெயை அளந்து ஊற்றினேன். 64 மில்லி பிடித்தது. 351-உம் 64-உம் சேர்ந்த 415-ஐ 64-ஆல் வகுத்தால் அழுத்த விகிதம் 6.5. இந்த எஞ்சினுக்கு உரிய அளவும் அதுவே.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் பாயிண்ட் வைப்பது. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 0.8 மி.மீ. முன்னதாகப் பாயிண்ட் திறந்து தீப்பொறி பாய வேண்டும். 0.8 மி.மீ. என்பது தூரத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கிராங்க் சுழற்சியில் ஏறத்தாழ 10 பாகை. ஊசல் தன் எல்லையில் தயங்குவது போலவே பிஸ்டனும் உச்சியில் தயங்குவதால் இந்த வேறுபாடு. திறக்கும் நொடியை அறிய மாமாவின் கருவி ஒரு சிகரெட் தாள். பாயிண்டுகளின் இடையே அதைச் செருகி மெல்ல இழுத்தபடி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். தாள் வழுக்கி வெளிவரும் இடமே திறக்கும் இடம். மாமா புகைபிடிப்பதில்லை. இதற்காகவே கடையில் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறார்.

என் பெரியப்பா மகன் இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு ஷிப்டு முழுவதும் அவர் பூட்டுவது அதே நான்கு போல்ட்டு. விசை அளவு வந்ததும் கருவியே நின்றுவிடுமாம். ஹெட் நட்டுகளை மாமா வெறுங்கையால் இறுக்குவதைக் கண்டு அவர் சிரித்தார். அளந்துதான் பார்ப்போமே என்று, 25 செ.மீ. ஸ்பேனரின் முனையில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தேன். மாமா இறுக்கிய நட்டுகள் 11 முதல் 13 கிலோவுக்குள் அசைந்தன. அண்ணன் பிறகு சிரிக்கவில்லை. ஆனால் ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிர் நட்டுகளாகச் சிறிது சிறிதாக மூன்று சுற்றில் இறுக்கினால் ஹெட் கோணாது என்று அவர் சொன்னதை மாமா ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் கொட்டகைக்கு வருகிறார். இரண்டாண்டாக வண்டிப் பாகம் பூட்டுபவர், கியர் பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எங்கள் கொட்டகையில்தான் முதன்முறையாகப் பார்த்தார்.

எஞ்சின் உயிர்பெற்றது பொங்கலுக்கு முந்தின வாரம். அப்பா இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், "இது பெரியவர் வண்டி சத்தம் இல்லையே, அவசரமா இருக்கே" என்றார். சிறுவயதில் அந்த வண்டியை ஏரிக்கரைச் சேற்றில் தள்ளியிருக்கிறாரே ஒழிய, ஏறியதில்லை. கார்புரேட்டர் திருகை நான் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன். ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே கேட்கும் அளவுக்கு வேகம் இறங்கியதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தில் திருகுக்குப் பெயிண்ட் புள்ளி வைத்திருக்கிறேன்.

இனிச் சட்டம். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டி, அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால் 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு பெறலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அறுத்திருந்தால் அந்தத் தகுதியே போயிருக்கும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட முடியாது. இதைப் படித்துக் காட்டியதும் மாமா, "ஓட்டக் கூடாதுன்னா எதுக்கு மாப்ள வண்டி?" என்றார். ஆகவே பழைய பதிவையே புதுப்பிக்க முயல்கிறோம். அதற்குப் பெரியவரின் வாரிசுகள் மூவர் கையெழுத்திட வேண்டும். இருவர் போட்டுவிட்டார்கள், மூன்றாமவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். பிரேக் கட்டைகளும் பின் டயரும் இன்னும் வாங்கவில்லை.