முகப்புப் படத்தை மதிப்பிடுவது எப்படி?

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் மொழி. மனிதருக்கு மட்டுமன்று, வீட்டிற்கும் நூலுக்கும் கடைப்பொருளுக்கும் முகம் உண்டு. நம் புதுவையில் தமிழர் வாழ்ந்த பகுதியின் பழைய வீடுகளைப் பாருங்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம். அதை அடுத்துத் திண்ணை. வழிப்போக்கரும் சற்று அமர்ந்து இளைப்பாறலாம் என்று அம்முகப்பே சொல்லிவிடுகிறது. கடற்கரையை அடுத்த பிரெஞ்சுப் பகுதியிலோ உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் வேறு செய்தி கூறுகின்றன. உள்ளே நுழையுமுன்பே வீட்டின் இயல்பை ஓரளவு அறிந்துகொள்கிறோம்.

இன்று நம் இல்லங்களில் கணினி வழியாக வந்து சேரும் வீடியோ விளையாட்டுகளுக்கும் இத்தகைய முகப்பு உண்டு. பெரிய நிறுவனத்தின் துணையின்றிச் சிலர் மட்டும் கூடி உருவாக்கும் விளையாட்டை 'இண்டி' விளையாட்டு என்பர். இச்சிறு குழுவினரிடம் விளம்பரத்திற்குப் பெரும்பணம் இராது. கடையில் தோன்றும் முகப்புப் படமே அவர்களுடைய முதல் விளம்பரம். அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஆராய்வோம்.

சிறிய இடம், பெரிய பொறுப்பு

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளுள் பெரியது ஸ்டீம். அங்கே ஆண்டுதோறும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்து சேர்கின்றன. அத்தனைக்கும் நடுவே ஒரு விளையாட்டிற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. கோலத்திற்குப் புள்ளி இருப்பதுபோலக் கணினித் திரைப் படத்திற்கும் புள்ளிக் கணக்கு உண்டு. விளையாட்டைச் சேர்த்து வைக்கும் நூலகப் பகுதிக்கு 600 புள்ளி அகலமும் 900 புள்ளி உயரமும் உள்ள நிமிர்ந்த படம் வேண்டும். பட்டியலில் தோன்றும் சிறு படமோ ஏறத்தாழ ஓர் அஞ்சல் தலை அளவுதான். அச்சிறு படத்தில் விளையாட்டின் பெயரே பெரும்பகுதியை நிரப்ப வேண்டும் என்று அக்கடையே படைப்பாளிகளுக்கு அறிவுறுத்துகிறது.

இது நமக்குப் புதிய கலையன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அதன்பின் சிவகாசி அத்தொழிலில் தழைத்தது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் படம் இரண்டு விரல் அகலந்தான். ஆனால் எழுத்தறியாதவரும் அப்படத்தைச் சொல்லியே கேட்டு வாங்கினர். ஒரு மயில், ஒரு மணி, ஒரு பூ என ஏதேனும் ஒன்றை மட்டும் பெரிதாக வரைந்தால்தான் தொலைவிலிருந்தும் அடையாளம் தெரியும். இணையக் கடையின் சிறு படத்திற்கும் அதே இலக்கணம் பொருந்தும்.

பழைய அட்டைகள் தரும் பாடம்

1977இல் வெளிவந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டியின் ஆற்றல் மிகக் குறைவு. 1980இல் அதற்கென வந்த 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டில் வீரனே ஒரு சிறு சதுரமாகத்தான் தோன்றுவான். எனவே, திரையில் காட்ட முடியாததை அட்டையில் முழுவண்ண ஓவியமாகத் தீட்டினர். இதனை ஏமாற்று என்பதா? சதுரத்தை வீரனாகக் காணக் குழந்தைக்கு அவ்வோவியம் துணை நின்றது என்பதே பொருந்தும்.

1987இல் ஜப்பானில் பிறந்த 'மெகா மேன்' கதை வேறு. அதன் நாயகன் நீலநிற உடை அணிந்த சிறுவன் வடிவ எந்திரன். அவன் கையே பீரங்கியாக மாறும். அமெரிக்கப் பதிப்பின் அட்டையிலோ நடுவயது மனிதர் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் நிற்கிறார்! விளையாட்டு புகழ்பெற்றது, அட்டையோ இன்றுவரை நகைப்பிற்கு உள்ளாகிறது. உள்ளே இல்லாத ஒன்றைச் சொன்னதே அதன் குற்றம்.

2001இல் வெளிவந்த 'இக்கோ' இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. கொம்புள்ள சிறுவன் ஒருவன், ஒரு பெண்ணின் கையைப் பற்றி அழைத்துக்கொண்டு பாழடைந்த கோட்டையிலிருந்து தப்ப முயலும் கதை அது. ஜப்பானிய அட்டையை அவ்விளையாட்டை உருவாக்கிய ஃபூமித்தோ உவேதாவே வரைந்தார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ தெ கிரிக்கோவின் பாணியைத் தழுவி, நெடிய நிழல்கள் விழும் வெட்டவெளியில் கைகோத்து ஓடும் இரு சிறு உருவங்களைத் தீட்டினார். அமெரிக்க அட்டையிலோ சிறுவனின் முகம் பெரிதாக முன்னிற்கிறது. எது சிறந்தது? கதையின் தனிமையையும் தோழமையையும் சொல்வது முன்னதே. எனினும் அதனை அஞ்சல் தலை அளவிற்குச் சுருக்கினால் இருவரும் இரு புள்ளிகளாகிவிடுவர். கையில் ஏந்தும் பெட்டிக்கு ஏற்ற படம், சிறு திரைக்கு அப்படியே ஏற்றதன்று. இணைந்த கைகளை மட்டும் அருகில் காட்டிச் சிறிய படத்தை வேறாக வரைவதே அங்கே முறையாகும்.

'வெண்பா'வுக்கு எத்தகைய முகப்பு?

தமிழர் பெருமைகொள்ளத்தக்க விளையாட்டு ஒன்றையும் காண்போம். கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை இது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேடு சிதைந்து, சில வரிகள் அழிந்துபோயுள்ளன. விடுபட்டதை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி முதலியவற்றைச் சமைப்பதே விளையாட்டு. அதனூடே, தாய்மொழியை விட்டு விலகிச் செல்லும் மகனுக்கும் தாய்க்கும் இடையிலான அன்பும் வருத்தமும் விரிகின்றன.

இதற்கு முகப்பு வரைபவர் எதைக் காட்ட வேண்டும்? பரபரப்பாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் சமையற்காரரைக் காட்டினால் கண்ணைக் கவரும். ஆனால் இது அவ்வகை விளையாட்டன்று. உணவை மட்டும் காட்டினால் குடும்பம் மறைந்துபோம். அடுக்களையும் உறவும் ஒருசேரத் தெரிந்தால்தான் படம் உண்மை பேசும். மேலும், 'வெண்பா' என்றால் நமக்குக் குறள் நினைவிற்கு வரும். அயல்நாட்டாருக்கு அது பொருள் தெரியாத ஒரு பெயர். ஆகவே பெயர் சொல்லாததைப் படம் சொல்லியாக வேண்டும்.

இவ்விளையாட்டு 2024இல் இண்டி விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், சிறந்த முதல் படைப்பிற்கான பாஃப்டா விருதையும் பெற்றது. ஆனால் விருதுப் பெயரையோ திறனாய்வாளர் புகழுரையையோ நிலையான முகப்புப் படத்தில் எழுதுவதற்கு ஸ்டீம் 2022 செப்டம்பர் 1 முதல் தடை விதித்துள்ளது. ஓவியமும் விளையாட்டின் பெயருமே அங்கே இடம்பெறலாம். புகழுரைக் கூச்சலை நீக்கிப் படத்தையே பேசவிடும் நல்ல விதி இது.

நான்கு கேள்விகள்

இனி எந்த முகப்பைக் கண்டாலும் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

1. தெளிவு: படத்தைக் கட்டைவிரல் அளவிற்குச் சுருக்கி, இரண்டு முழத் தொலைவில் வைத்துப் பார்த்தால் பெயரைப் படிக்க முடிகிறதா?

2. மையம்: கண் முதலில் எங்கே செல்கிறது? ஓரிடத்தில் நிற்கிறதா, பலவிடங்களில் அலைகிறதா?

3. தனித்தன்மை: அதே வகையைச் சேர்ந்த பத்துப் படங்களுக்கு நடுவே வைத்தால் இதனை அடையாளம் காண முடிகிறதா?

4. உண்மை: படம் தரும் எதிர்பார்ப்பை விளையாட்டு நிறைவேற்றுகிறதா?

நான்காவதில் தவறினால் முதல் மூன்றிலும் தேறிப் பயனில்லை. பெற்றோர் ஒன்றைக் கருத வேண்டும். முகப்பை மட்டும் பார்த்து விளையாட்டை வாங்குதல் ஆகாது. மென்மையான முகப்பிற்குள் கொடுமையான காட்சிகளும் இருத்தல் கூடும். கடைப் பக்கத்திலேயே விளையாட்டின் காட்சிப் படங்களும் சிறு முன்னோட்டமும் இருக்கும். அவற்றைப் பார்த்தபின் முடிவு செய்வதே நலம்.

மாணவியரே, மதிப்பிடுவதிலும் ஒரு பண்பு உண்டு. "நன்றாயில்லை" என்று ஒரே சொல்லில் முடிப்பவர் வரைந்தவருக்கு எதுவும் கற்பிப்பதில்லை. முதலில், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "எனக்கு ஓர் அடுப்பும் ஒரு பெண்ணும் தெரிகின்றனர்." அடுத்து, எதிர்பார்த்ததைச் சொல்லுங்கள்: "இது சமையல் போட்டி என்று எண்ணினேன்." அதன்பின்னரே குறையைச் சொல்லுங்கள். தான் சொல்ல நினைத்ததும் நீங்கள் புரிந்துகொண்டதும் எங்கே வேறுபட்டன என்பதை வரைந்தவர் தாமே கண்டுகொள்வார். மாதக்கணக்கில் உழைத்த ஒரு சிறு குழுவிற்கு அத்தகைய சொல், பாராட்டைவிடப் பெரிய உதவியாகும்.

வகுப்புத் தோழியின் ஓவியத்தையும், கண்காட்சிக்கு எழுதும் அறிவிப்புப் பலகையையும், இம்மலரின் அட்டையையும் இம்முறையிலேயே மதிப்பிட்டுப் பழகுவோம். நாளை நம்முள் ஒருத்தி உலகோர் கையாளும் விளையாட்டு ஒன்றிற்கு முகப்பு வரையும்போது, அது தெளிவாகவும் உண்மையாகவும் விளங்க இன்றைய பயிற்சி துணைநிற்கும்.