அம்மா வழியிலும் வரும் எச்சரிக்கை

புரோஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உண்டு. அதில் வரும் புற்றுநோய்க்கும் உங்கள் அம்மாவின் குடும்பத்திற்கும் தொடர்பு இருக்க முடியுமா? முடியும்.

இந்நோய் பலருக்கு மிக மெதுவாக வளரும். சிலருக்கு வேகமாக எலும்புவரை பரவும். பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. சுரப்பி பெருத்தாலும் கிருமி தொற்றினாலும்கூட அந்த அளவு உயரும்.

இங்கேதான் மரபணுச் சோதனை துணைக்கு வருகிறது. 13ஆவது குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. டி.என்.ஏ. ஏணியின் இரண்டு பக்கமும் அறுந்துபோனால், அதைப் பிழையின்றி இணைக்க உதவும் புரதத்தை உருவாக்குவதே இதன் வேலை. இம்மரபணு பழுதானால் உயிரணுவில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அதனால், இப்பழுதுடன் பிறந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இளைய வயதிலேயே தோன்றி, வேகமாகப் பரவும் அபாயம் அதிகம்.

13ஆவது குரோமோசோம் பாலினத்தை நிர்ணயிக்கும் குரோமோசோம் அன்று. ஆகவே, பழுது தந்தையிடம் இருந்தாலும் தாயிடம் இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. பழுதைப் பெற்ற எல்லாருக்கும் நோய் வரும் என்பதும் இல்லை.

தெரிந்துகொள்வதால் பயன் உண்டு. பரிசோதனையை முன்கூட்டியே தொடங்கலாம். இப்பழுதைப் பயன்படுத்தியே புற்றணுக்களை அழிக்கும் ஒலாபாரிப் மாத்திரைக்கு, முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்காக 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அம்மாவுக்கோ சித்திக்கோ பாட்டிக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோயோ வந்ததுண்டா? வீட்டில் கேட்டுப் பாருங்கள். இருந்தால், அக்குடும்பத்து ஆண்களும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.