வெயில் ஊரில் பனிப்புயல்

கேள்வி: மகன் குடும்பம் ஹூஸ்டனில். அங்கே பனிப்புயல் வந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெயில் ஊர்தான். ஆனாலும் 2021 பிப்ரவரியில் ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலமே உறைந்தது. 45 லட்சம் வீடுகளிலும் வணிக நிறுவனங்களிலும் மின்சாரம் போனது. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது குளிர்.

இன்னொரு எமனுக்கு வாசனையே கிடையாது. நடுக்கம் தாங்காமல் சிலர் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினார்கள். சிலர் மூடிய கராஜில் காரை ஓடவிட்டார்கள். கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் சேர்ந்தது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியேற வேண்டும். ஜெனரேட்டர் வாசலிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

உறையும் தண்ணீர் 9 சதவீதம் பெருகும், குழாய் வெடிக்கும். இரவில் குழாயைச் சொட்டவிடலாம். மெயின் வால்வு எங்கே என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

சாலை உறைந்திருக்கும்போது காரை எடுக்க வேண்டாம். பாலங்கள்தான் முதலில் உறையும்.